வீரன்: சொல்லும் அதற்கு நிகரான தமிழும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பல ஆளின்றிக் கிடக்கின்றன. ஆயினும் மாரியம்மன் கோயிலுக்கு வெளியே முறுக்கிய மீசையும் ஓங்கிய அரிவாளுமாக நிற்கும் மதுரை வீரனுக்குப் பூசை நின்றபாடில்லை. அவர் பெயரிலுள்ள 'வீரன்' தமிழ்ச் சொல் அன்று என்றால் இங்குள்ள பெரியவர்கள் சற்றே முகம் சுளிப்பார்கள்.

அது வடசொல். இருக்கு வேதத்தில் 'வீர' என்பது ஆண்மகனையும் போரில் சிறந்தவனையும் குறித்தது. இலத்தீனில் ஆணைக் குறிக்கும் 'விர்' அதற்கு உறவுச்சொல். மலாய்மொழியும் இதை வடமொழியிலிருந்து பெற்று 'விரா', 'பெர்விரா' என வழங்குகிறது. 1993இல் வந்த புரோட்டோன் விரா காரை ஓட்டியவர்கள் மதுரை வீரனின் பாதிப் பெயரைத்தான் ஓட்டித் திரிந்தார்கள்.

வீரனுக்கு நிகராகத் தமிழில் மள்ளன், வயவன், பொருநன் எனப் பல சொற்கள் உண்டெனினும், பலரும் முதலில் எடுத்துத் தருவது 'மறவன்'. போர்க்களத்தில் நிற்பவனுக்கு அது பொருந்தும். ஆனால் மறத்துக்குச் சினம், கொடுமை, பாவம் என்னும் பொருள்களும் இருப்பதால், புராண, இதிகாச நாயகர்களை அச்சொல் முழுமையாகத் தாங்குவதில்லை.

அந்த நாயகர்களின் பிறப்புக் கதைகளில் ஈன்றவர் ஒருவராகவும் வளர்த்தவர் வேறொருவராகவும் இருப்பது திரும்பத் திரும்ப வருகிறது. குந்தி பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட கர்ணனைத் தேரோட்டி அதிரதனும் இராதையும் வளர்த்தார்கள். தேவகியின் பிள்ளை யசோதையிடம் வளர்ந்தது. முருகனுக்குக் கார்த்திகைப் பெண்கள் பாலூட்டினார்கள். மதுரை வீரனோ, மாலை சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்பட்ட காசி அரசகுமாரன். அவரை எடுத்து வளர்த்தவர்கள் அருந்ததியர். குலத்தால் கிடைக்க வேண்டிய மதிப்பை இழந்தவன் தன் செயலால் அதை ஈட்டுவதே இவற்றுள் சில கதைகளின் உயிர்.

இதற்கு நெருக்கமான சொல் தொல்காப்பியத்தில் கிடைக்கிறது. வடநூலார் வீரச்சுவை என்பதைத் தொல்காப்பியர் 'பெருமிதம்' என்று பெயரிட்டு, அது கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை ஆகிய நான்கால் பிறக்கும் என்றார். கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுத்த கர்ணன் இதில் தானாகவே இடம்பெற்றுவிடுகிறான்.

பண்புக்குப் பெருமிதம் என்றால், ஆளுக்கு என்ன சொல்வது? 'பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு' என்பது குறள்: பகைவருக்கு அஞ்சாமை பேராண்மை; அவருக்கே ஒரு துன்பம் வந்தால் உதவுவது அதன் கூர்மை. இதற்கு உரை எழுதிய பரிமேலழகர், படையிழந்து தனித்து நின்ற இராவணனை இராமன் இன்று போய் நாளை வா என்று விட்டதையே எடுத்துக்காட்டினார். ஆணிலிருந்து ஆண்மை கிளைத்ததும், ஆண்மகன் என்ற பொருளுடைய 'வீர' வீரத்தைக் குறித்ததும் ஏறத்தாழ ஒரே தடம். ஆகவே காவிய நாயகனைக் குறிக்கப் 'பேராண்மையாளன்' என்பதே என் தேர்வு.

இது பொதுச்சொல்லுக்கு மட்டுமே. தோட்டத்துப் பூசாரி உடுக்கையை எடுத்து 'மதுரைப் பேராண்மையாளனே' என்று அழைத்தால் எந்தச் சாமியும் இறங்கி வராது.