தோட்டத்து நாட்கள் ஏன் இவ்வளவு இனிக்கின்றன?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்பூட்டில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், சாப்பாடு முடிந்ததும் பேச்சு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடும். "அந்தக் காலம் மாதிரி வருமா?" என்று அத்தை ஆரம்பிப்பார். மாரியம்மன் கோயில் திருவிழா, லயத்துக்கு லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கைமாறிய குழம்பு, திடலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்ட படம் என்று 1970கள் முழுக்க அவருக்குத் திருவிழாதான். போன மாதம் நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? நாலு மணி. தண்ணீர்? லயத்துக் கடைசியில் ஒரே குழாய், வாளியோடு வரிசை. மழை பெய்தால்? மரம் வெட்டிப் பால் எடுக்கும் வேலை இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய சம்பளமும் இல்லை. கைக்குழந்தை? ஆயாக்கொட்டகையில், அதாவது தோட்டத்துக் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் இடத்தில். பதில் சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அத்தை முதலில் சொன்னதும் பொய்யில்லை. நினைவு வேலை செய்யும் விதமே அப்படித்தான்.

நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கச் சொன்னால், ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் நடந்தவைதான் அதிகமாக வரும். முதல் சம்பளம், முதல் காதல், கல்யாணம் என்று புதியவை எல்லாம் அந்த வயதில்தானே குவிகின்றன. அதோடு, கெட்ட நிகழ்ச்சியோடு ஒட்டியிருந்த வலி, நல்லதோடு ஒட்டியிருந்த மகிழ்ச்சியைவிட வேகமாக மங்கிப்போகிறது. நாலு மணிக்கு எழுந்தது ஞாபகம் இருக்கும், ஆனால் அந்தக் குளிரும் கண் எரிச்சலும் இருக்காது.

அப்புறம், ஒரு நினைவை எடுக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் இளகிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் கரீம் நாதரும் ஜோசப் லெடூவும் சக ஆய்வாளரும் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். ஓர் ஒலியைக் கேட்டால் மின்அதிர்ச்சி வரும் என்று பழகிய எலிக்கு, அந்த ஒலியை மறுபடி கேட்க வைத்து, உடனே மூளையில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால் பயம் போய்விட்டது. ஒலியைக் கேட்காமல் மருந்து மட்டும் பெற்ற எலிக்குப் பயம் அப்படியே இருந்தது. அதாவது வெளியே எடுத்த நினைவு திரும்பவும் உறைய வேண்டியிருக்கிறது. மனித நினைவு இதைவிடச் சிக்கலானதுதான், என்றாலும் கல்யாண வீட்டில் நாற்பது தடவை சிரிப்போடு சொன்ன கதை அந்தச் சிரிப்போடேயே உறைகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, உண்மையில் அந்தப் பத்தாண்டு எப்படி இருந்தது? தொடங்கியதே பிரிவில்தான். குடியுரிமை இல்லாதவர்களுக்கு 1969இல் வேலை பெர்மிட் கட்டாயமாக, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அதற்கு முன்பே தோட்டங்களைத் துண்டாடி விற்கும் வேலை தொடங்கியிருந்தது, அதைத் தடுக்கத்தான் இதே ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தீபகற்ப மலேசியாவில் 1970இல் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 40 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரையும் மின்சாரத்தையும் வலியுறுத்திய குடியிருப்புச் சட்டம் 1990இல்தான் வந்தது.

இதையெல்லாம் அத்தையிடம் படித்துக் காட்ட எனக்கு மனமில்லை. வாசனை அந்த வேலையைச் செய்தது. மற்றப் புலன்களின் செய்தி தாலமஸ் என்ற சந்திப்பில் நின்றுதான் போகும், வாசனையோ அங்கே நிற்காமல் உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவை நேராகத் தொடுகிறது. போன வாரம் ஒரு சிறுதோட்டத்து ஓரம் கட்டிப்பால் (உறைந்துபோன ரப்பர் பால்) மூட்டைகள் கிடந்தன. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் அத்தை நின்றுவிட்டார். திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மேட்டில் சறுக்கி விழுந்து ஒரு வாளிப் பாலையும் கொட்டிவிட்ட நாளைச் சொன்னார், அன்றைய கூலி போச்சே என்று மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதாராம். பக்கத்து நிரைக்காரி வந்து, ஒன்றும் பேசாமல், தன் வாளியிலிருந்து பாதியை இவர் வாளியில் ஊற்றிவிட்டுப் போனாளாம்.