ஹெப்படைடிஸ் பி: எல்லா ஆர்என்ஏவுக்கும் பொதுவான ஒரு வால்

ரத்தத்தில் வைரஸே தென்படவில்லை என்று பரிசோதனை முடிவு வந்த பிறகும் ஹெப்படைடிஸ் பி மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று மருத்துவர் சொல்வது ஏன் என ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய அம்மாத்திரைகள் வைரஸ் தன் ஆர்என்ஏவைப் பார்த்துப் புதிய டிஎன்ஏ எழுதுவதைத்தான் தடுக்கின்றன. கல்லீரல் செல்லின் உட்கருவில் சிறு வளையமாகத் தங்கிவிட்ட மூல டிஎன்ஏவை அவை தொடுவதில்லை. அந்த மூலத்திலிருந்து மேற்பரப்புப் புரதம் ஓயாமல் உற்பத்தியாகி, மரபுப்பொருள் இல்லாத வெற்றுத் துகள்களாக ரத்தத்தில் கலக்கிறது. சுமார் 22 நானோமீட்டர் அளவுள்ள இத்துகள்கள் முழு வைரஸ்களைவிடப் பல்லாயிரம் மடங்கு மிகுந்திருக்கும். இந்த வெள்ளத்தில்தான் நோயெதிர்ப்பு செல்கள் ஓய்ந்துபோகின்றன என்று கருதப்படுகிறது.

புதிய மருந்துகளுள் என் மனம் கவர்ந்தது பெபிரோவிர்சென். இந்த வைரஸின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 3,200 எழுத்துகளே கொண்டது. இடம் போதாமல் மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ஆகவே அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏக்கள் வெவ்வேறு இடங்களில் தொடங்கினாலும் ஒரே இடத்தில் முடிகின்றன. எல்லாவற்றுக்கும் வால் பொது! அவ்வாலில் ஒட்டும்படி 20 எழுத்துகளில் செய்யப்பட்ட எதிரிழைதான் இம்மருந்து. அது போய் ஒட்டியதும், நம் செல்லில் இயல்பாகவே இருக்கும் ஆர்என்ஏஸ் எச் என்ற நொதி அந்த இணைப்பை அடையாளம் கண்டு ஆர்என்ஏவை மட்டும் நறுக்கிவிடுகிறது. சிதையாமல் விடுபடும் மருந்திழை அடுத்த ஆர்என்ஏவைத் தேடிப் போகிறது.

2022இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில், 24 வாரங்கள் வாரம் ஓர் ஊசி பெற்றவர்களுள் 9 முதல் 10 விழுக்காட்டினருக்கு, ஊசி நின்று மேலும் 24 வாரங்கள் கழிந்தும் மேற்பரப்புப் புரதமும் வைரஸ் டிஎன்ஏவும் தென்படவில்லை. விகிதம் சிறிதுதான், ஆனால் உலகில் 25.4 கோடிப் பேர் இத்தொற்றுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டிருக்கிறது. தடுப்பூசி இருக்கிறதே என்று சொல்லி இவர்களுக்கான ஆய்வு நிதியில் கைவைப்பது அநீதி என்பேன்.

வைரஸ் டிஎன்ஏத் துண்டுகள் மனிதக் குரோமோசோமிலும் செருகிக்கொள்கின்றன. அப்போது வாலின் கடைசிப் பகுதி அறுந்துபோவதுண்டு. சிறு ஆர்என்ஏ இழைகளால் வைரஸ் ஆர்என்ஏவை அழிக்கும் தொடக்ககால ‘ஆர்என்ஏ குறுக்கீட்டு’ மருந்து ஒன்று சிலரிடம் எடுபடாததற்கு அதுவே காரணம் என்று 2017இல் தெரிந்தபின், அவ்வகை மருந்துகளின் இலக்கை ஆய்வாளர்கள் சற்று முன்னே நகர்த்தினார்கள்.

வளையத்தையே அழிக்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மாத்திரை நின்றால் அதிலிருந்து வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதால்தான் அந்த மருத்துவர் அப்படிச் சொல்கிறார்.