இளம் ஃபார்வர்டின் திறமையை எங்கே பார்ப்பது?

கூடைப்பந்தில் இளம் ஃபார்வர்டு (முன்வரிசை ஆட்டக்காரர்) ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தால் உயரம், எம்பல், டங்க் (எம்பிப் பந்தை வளையத்துக்குள் திணிப்பது) என்று மூன்றே சொற்களில் முடித்துவிடுகிறார்கள். கைபேசியில் அரை நிமிடக் காணொளியை ஓடவிட்டு, "எப்படி இருக்கிறான், பாருங்கள் சார்" என்று முகவரும் கேட்கிறார், தகப்பனாரும் கேட்கிறார். பந்து வளையத்துக்குள் விழுந்ததும் காணொளி நின்றுவிடும். விளையாட்டு இயன்முறை மருத்துவரான எனக்கு வேண்டியதோ அதற்கு அடுத்த ஒரு நொடி. பையன் தரையில் எப்படி இறங்கினான்?

இன்றைய ஃபார்வர்டின் வேலை அப்படிப்பட்டது. வளையத்தின் அடியில் நிற்பவர், எதிரணியின் கையில் பந்து வெளியே போனதும் மூன்று புள்ளிக் கோட்டை நோக்கி ஓட வேண்டும்; அதற்கு வெளியிலிருந்து எறிந்து போட்டால் மூன்று புள்ளி. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் ஆடுகளத்தில் அந்தக் கோடு வளையத்திலிருந்து 7.24 மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஓடிய வேகத்தைச் சட்டென்று அடக்கி, கையை உயர்த்தி, எதிராளி பக்கவாட்டில் நழுவினால் கூடவே நழுவ வேண்டும். அடுத்த கணமே ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, எம்ப வேண்டும். 48 நிமிட ஆட்டம், பருவத்துக்கு 82 ஆட்டங்கள். கல்லூரியில் முப்பது சொச்சம் ஆட்டங்கள் ஆடிப் பழகிய உடம்பு இந்தக் கணக்கைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. எம்புகிறவர்கள் ஏராளம், நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு.

என்னிடம் வந்த 19 வயது தொழில்முறை ஃபார்வர்டு ஒருவரைச் சொல்கிறேன். வலி எங்கே என்று கேட்டதும் இடது முழங்கால் சில்லின் கீழ்முனையில் ஒற்றை விரலை வைத்தார். ஆட்டத் தொடக்கத்தில் வலிக்கும், உடம்பு சூடேறியதும் மறைந்துவிடும், மறுநாள் காலையில் படி இறங்கும்போது திரும்ப வந்துவிடும் என்றார். தாழ்வான பெட்டியிலிருந்து குதிக்கச் சொன்னேன். வலது பாதம் ஓசையில்லாமல் தரை தொட்டது. இடது பாதம் 'தொம்'மென்று விழுந்தது, முழங்கால் சரியாக மடங்கவே இல்லை.

இடது கணுக்காலில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டேன். பள்ளி நாட்களில் சுளுக்கியதாம். "அது அப்போதே சரியாகிவிட்டது சார்." சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னேன். வலது கால்விரல் சுவரிலிருந்து ஒரு கை அகலத்துக்கு மேல் தள்ளி இருந்தபோதும் முழங்கால் எட்டியது. இடது பக்கம் பாதி தூரத்திலேயே குதிகால் எழும்பிவிட்டது.

கூடைப்பந்தில் மிக அதிகமாக நேரும் காயம் கணுக்கால் சுளுக்குதான். வீக்கம் வடிந்ததும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் மூட்டின் இறுக்கம் தங்கிவிடும். கணுக்கால் வாங்க வேண்டிய அதிர்ச்சியை முழங்காலின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வாங்கும். இதைத்தான் குதிப்பவர் முழங்கால் என்கிறோம். 'இரண்டு வாரம் ஓய்வெடு' என்று சொல்வது சுலபம், ஆனால் வெறும் ஓய்வில் வலி அடங்குமே தவிர தசைநாண் வலுப்படாது. அசையாமல் எடையைத் தாங்கி நிற்பதில் தொடங்கி, மெதுவாகத் தூக்கும் கனமான எடைகளுக்குப் போய், கடைசியில்தான் குதிப்புக்கு வர வேண்டும். இதற்கு மாதக் கணக்காகும். ஆட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு இறங்குபவர்களை நான் திட்டாமல் விட்டதில்லை. தசைநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது அதைவிட மோசம், அது அறுந்துபோகவும் இடமுண்டு.

சரி, 'இவனுக்கு எதிர்காலம் உண்டா?' என்ற கேள்விக்கு வருவோம். என்பிஏ ஃபார்வர்டு கெவின் டுரான்ட், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2007 தேர்வுக்கு முந்தைய உடற்சோதனையில் 84 கிலோ எடையைப் படுத்தபடி ஒருமுறைகூட நெஞ்சுக்கு மேல் தள்ள முடியாமல் நின்றார். அன்று சிரித்தவர்கள் உண்டு. 2014-இல் அவர்தான் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். பின்னாளில் பெயர் பெற்ற ஃபார்வர்டுகளான காவை லெனார்ட் 2011 தேர்விலும் யானிஸ் ஆன்டெட்டோகும்போ 2013 தேர்விலும் 15-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார்கள். கல்லூரியில் மூன்று புள்ளி எறிதலில் தடுமாறிய லெனார்ட், எறியும் முறையையே மாற்றிக்கொண்டு முதல் பருவத்திலேயே தேறிவிட்டார். யானிஸ் முதல் பருவத்தில் சராசரியாக எடுத்தது 6.8 புள்ளிகள். ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியும் வாய்ப்பு) பல காலம் கேலிக்கு ஆளானவர், 2021 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 19-க்கு 17 போட்டு, மொத்தம் 50 புள்ளிகளோடு கோப்பையைத் தூக்கினார். ஆகவே 19 வயதில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைவிட, ஒரு திருத்தத்தைச் சொன்னால் அடுத்த மாதம் அது உடம்பில் தெரிகிறதா என்பதையே நான் பார்க்கிறேன். எறிதலைப் பொறுத்தவரை ஃப்ரீ த்ரோ நல்ல அடையாளம். அங்கே கை சுத்தமாக இருந்தால் மூன்று புள்ளி பின்னாலேயே வரும் என்று நம்பலாம்.

கற்கும் திறன் இருந்தும் களத்துக்கு வர முடியாமல் போவதுதான் கொடுமை. 2019 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஃபார்வர்டு சயன் வில்லியம்சன், முழங்கால் சவ்வுக் கிழிசலால் முதல் 44 ஆட்டங்களை வெளியே உட்கார்ந்து பார்த்தார். பாதத்தில் எலும்பு முறிந்து 2021-22 பருவம் முழுவதையும் இழந்தார்.

கெண்டைக்கால் வலியையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டுரான்ட் 2019 மே மாதம் கெண்டைக்கால் காயத்தோடு வெளியேறினார், ஜூனில் இறுதித் தொடருக்காகத் திரும்பினார், அதே ஆட்டத்தில் அதே காலின் குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் போயிற்று. கெண்டைக்காலில் பிடிப்பு என்று வரும் பையனை ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கச் சொல்கிறேன். நல்ல கால் எத்தனை தடவை செய்கிறதோ, அடிபட்ட கால் அதை நெருங்காதவரை ஆட்டத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதுவதில்லை. பயிற்சியாளர் கோபித்துக்கொள்வார்; கோபித்துக்கொள்ளட்டும்.