காசு பாதி முடிந்தது, வீடு பாதி முடியவில்லை

நுவரெலியா மாவட்டத்தில் அண்மையில் இன்னுமொரு முன்னேற்றக் கூட்டம். திரையில் தோட்ட வீடமைப்பு வேலையொன்றின் அட்டவணை: நிதி முன்னேற்றம் 50 சதவீதம், பௌதிக முன்னேற்றம், அதாவது நடந்து முடிந்த வேலை, 50 சதவீதம். பத்து மாத வேலையில் ஐந்தாம் மாதம். எல்லாரும் தலையாட்டினார்கள், தேநீரும் வந்தது. இரண்டாவது 50 எப்படி வந்தது என்று கேட்டேன். "செலவைப் பார்த்துத்தான் போட்டோம், சேர்" என்றார் தொழில்நுட்ப உத்தியோகத்தர்.

கட்டட வேலையை அளந்து விலை கணிக்கும் கணிய அளவையாளராக இந்தப் பதிலைத் தோட்டம் தோட்டமாகக் கேட்டு அலுத்துவிட்டேன். கோதுமை மாவு வாங்கிய ரசீதைக் காட்டி, ரொட்டி சுட்டாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

அந்தத் தோட்டத்தின் கணக்கு வேண்டாம். அதைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபது வீடுகள், ஒன்றுக்கு 28 இலட்சம் ரூபாய், மொத்தம் 560 இலட்சம். ஐந்தாம் மாத முடிவில் 280 இலட்சத்துக்கான வேலை நடந்திருக்க வேண்டும். இது திட்டமிட்ட பெறுமதி. செலவானதும் 280 இலட்சம்தான். இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

மேட்டில் ஏறிப் பாருங்கள். இருபதுக்கும் அத்திவாரம் போட்டாகிவிட்டது. பத்துக்குச் சுவர் எழும்பியிருக்கிறது. நான்குக்குத்தான் கூரை. பூச்சு வேலை எதிலும் தொடங்கவில்லை. ஒரு வீட்டின் பெறுமதியில் அத்திவாரத்துக்கு 20 சதவீதம், சுவருக்கு 30, கூரைக்கு 20 என்று பிரித்திருந்தால், முறையே 112, 84, 22.4 இலட்சம். கூட்டினால் 218.4. முடிந்த வேலைக்கு மதிப்பீட்டில் வைத்த விலை இவ்வளவுதான். இதுதான் ஈட்டிய பெறுமதி. இதைச் செலவால் வகுத்தால் 0.78. இது செலவுச் சுட்டெண். அதாவது, போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 78 சதத்துக்குத்தான் வேலை கிடைத்திருக்கிறது. திட்டமிட்ட பெறுமதியால் வகுத்தால் வருவது கால அளவுச் சுட்டெண். இங்கே அதுவும் அதே 0.78, காலத்திலும் பின்னால் நிற்கிறோம். இதே போக்கில் போனால் 560ஐ 0.78ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: ஏறத்தாழ 718 இலட்சம் வேண்டும். மேலதிகப் பணம் வராவிட்டால் பதினைந்து வீடுகள்தான் முடியும். ஐந்து குடும்பங்கள் லயத்திலேயே இருக்க வேண்டியதுதான். 50 சதவீதம் என்ற அட்டவணையில் இந்த ஐந்து குடும்பங்கள் எங்கே தெரிந்தன?

இதற்கு நேரெதிரான பேச்சும் உண்டு. செலவு 200 இலட்சம்தான், 80 இலட்சம் மிச்சம் பிடித்துவிட்டோம் என்பார்கள். வேலை நடக்காததால் செலவாகாத பணம் மிச்சமா?

மலையகத்தில் வேலை நகராமலே பணம் நகர ஆயிரம் வழி இருக்கிறது. மணல் லொறி தொழிற்சாலையடியோடு நின்றுவிடும். மீதித் தூரம் டிரக்டரில், கடைசி ஏற்றம் தலைச்சுமையில். மூன்று கூலிக்கும் ரசீது இருக்கும். சுவர் ஓர் அடிகூட உயர்ந்திருக்காது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், பாவனையில் இல்லாத பிள்ளைக்காம்பராவில் சீமெந்து மூட்டைகளை வெறும் தரையில் அடுக்கியிருந்தார்கள். அடிவரிசை மூட்டையைக் காலால் தட்டினால் கல்லைத் தட்டுவது போலிருந்தது. முழு விலையோடு அவையும் அந்த மாத முன்னேற்றத்தில் சேர்ந்திருந்தன!

கால அட்டவணை இன்னொரு தலைவலி. கொழும்பில் உட்கார்ந்து பத்து மாதத்துக்கும் வேலையைச் சமமாகப் பங்கிடுகிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவக்காற்று மண்வெட்ட விடாது. பதுளைப் பக்கம் வடகீழ் பருவக்காற்றுக் காலத்தில் அதே நிலைமை. மழையைச் சேர்க்காத திட்டத்தை வைத்துக்கொண்டு, ஜூனில் கால அளவுச் சுட்டெண் சரிந்ததும் பாஸ்மாரைத் திட்டுவது அநியாயம்.

ஈட்டிய பெறுமதியைக் கணக்கிடுவது ஒன்றும் புதிய வித்தையல்ல. 1967இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் பெரிய ஒப்பந்தக்காரர்களுக்கு 35 விதிகளாகக் கட்டாயமாக்கியதிலிருந்து வளர்ந்த முறை. 2018இல் இதற்கென்று சர்வதேசத் தரமே வந்துவிட்டது. நம்மிடம் இல்லாதது மென்பொருள் அல்ல, அளவுநாடாவோடு மேட்டில் ஏறும் பழக்கம்.

எந்தக் கட்டத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை முதல் கானை வெட்டுமுன் எழுதிக் கையொப்பமிடுங்கள். பாதிச் சுவருக்கு "தொண்ணூறு சதவீதம்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். சுவர் முடிந்தால் முழுப் பெறுமதி, முடியாவிட்டால் பூச்சியம். முற்பணம் கொடுத்ததைச் செய்த வேலைக்கான செலவாக எழுதாதீர்கள். மண்சரிவு அபாயத்தைப் பார்த்து தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தடுப்புச் சுவர் கேட்டால், மொத்தத் தொகையை முறைப்படி திருத்துங்கள். சுட்டெண் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மாதாமாதம் திட்டத்தை மாற்றுவது ஏமாற்று. கடைசி மாதங்களில் கால அளவுச் சுட்டெண்ணை நம்பியிருக்கவும் வேண்டாம்: ஒரு வருடம் பிந்தி முடிந்த வேலைக்கும் இறுதியில் அது 1 என்றே காட்டும்.

இளம் உத்தியோகத்தர்களே, மேலிடத்து அவசரம் எனக்கும் தெரியும். தயவுசெய்து படிவத்தை நிரப்புமுன் ஒருதரம் ஏறிப் பாருங்கள். மழையால் ஏற முடியாவிட்டால் சென்ற மாத அளவையே எழுதி, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று குறித்துவிடுங்கள்.