பாதிப்பு வேறு, ஓட்டை வேறு

வல்னரபிலிட்டி, அதாவது வெளியாள் புகுந்து கெடுக்க இடம் கொடுக்கும் மென்பொருள் குறை, என்ற சொல்லைத் தமிழில் ‘பாதிப்பு’ என்று எழுதும் வழக்கத்தை யார் தொடங்கி வைத்தார்களோ, அவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. மொழிபெயர்ப்புக் கருவிகள் அதையே கொட்டுகின்றன, ஆட்களும் அதையே எடுத்து ஒட்டுகிறார்கள். அண்மையில் இங்கே மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் எங்கள் சங்கத்துக்கு வந்த ஒரு தமிழாக்கத்தில் ‘மெல்லிய வாடிக்கையாளர் சேவையக மென்பொருளில் பாதிப்பு கண்டறியப்பட்டுள்ளது’ என்று இருந்தது. படித்த பெரியவர் ஒருவர், "எவ்வளவு போச்சு தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, எழுதியிருப்பது அப்படி.

மெல்லிய வாடிக்கையாளர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைக்கு வந்த ஒல்லியான ஆள் என்று நினைப்பீர்கள். தின் கிளையன்ட் என்பது, பெரும்பாலும் சொந்த ஹார்டு டிஸ்க் இல்லாமல், தனக்கு வேண்டியதைச் சர்வர் (சேவையகம்) என்ற பெரிய கணினியிலிருந்து வாங்கி ஓடும் சிறு கணினி. மெலிகணினி என்றால் போதும். நம் தமிழ் வகுப்புகளுக்கு யாராவது தானமாகக் கொடுக்கும் பழைய பெட்டிகளை இப்படித்தான் ஓட்ட முடியும்.

இனி சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் ‘வுல்னுஸ்’ என்றால் புண். அதிலிருந்து புண்படுத்து, புண்படக்கூடிய என்று கிளைத்து ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் போனது. கவனிக்க வேண்டியது அந்தக் ‘கூடிய’. புண் இன்னும் படவில்லை. நம் ‘பாதிப்பு’ வடமொழி ‘பாதா’விலிருந்து வந்தது, வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை, காலம் தப்பாக இருக்கிறது என்பதுதான் சண்டை. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தனவே, அது பாதிப்பு. மழைநீர் வடிய வழி போதாமல் ஊர் கிடந்ததே, அதற்குப் பெயர் வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் புயலுக்கு முந்தின நாள் என்ன எழுதுவீர்கள்?

எச்சரிக்கை அறிக்கைகளில் இம்பாக்ட் என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். அதற்கும் தமிழில் பாதிப்புதான். ஆகவே ‘இந்தப் பாதிப்பின் பாதிப்பு கடுமையானது’ என்று எழுத வேண்டிவரும். சிரிக்காதீர்கள், இப்படியே அச்சாகி நான் பார்த்திருக்கிறேன்.

சிரிப்போடு முடிந்தால் பரவாயில்லை, வேலையே கெடும். 2023 அக்டோபரில் சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் நெட்ஸ்கேலரில் வெளிவந்த விஷயத்தைப் பாருங்கள். வெளியிலிருந்து அலுவலகக் கணினித் திரைகளுக்கு வருகிறவர்களை உள்ளே விடும் வாசல் அது. அந்த வாசலின் நினைவகத்தில் இருப்பதை வெளியாள் உறிஞ்சி எடுக்க முடிந்தது, அதில் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர்களின் அமர்வு அடையாளங்களும், அதாவது ‘இவர் நுழைந்துவிட்டவர்’ என்று காட்டும் சீட்டுகளும், இருந்தன. புதிய பதிப்பைப் போட்டால் ஓட்டை அடைபடும். ஆனால் அதற்கு முன்பே திருடப்பட்ட அடையாளம் திருடியவன் கையில் செல்லுபடியாகும், கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லாமலே அவன் உள்ளே வரலாம். அதனால் திறந்திருக்கும் அமர்வுகள் அனைத்தையும் வெட்டிவிட வேண்டும் என்று சிட்ரிக்ஸே சொன்னது. அடைத்தது ஓட்டை, மிச்சம் இருந்தது பாதிப்பு. ‘பாதிப்பு சரிசெய்யப்பட்டது’ என்று தமிழில் படித்தவர் அந்த இரண்டாவது வேலையைச் செய்வாரா?

இப்போது ஓட்டைக்கு வருகிறேன். என் சொல் அதுதான், புதிதாக எதையும் நான் படைக்கவில்லை. ஓட்டை விழும், இருக்கும், பெரிதாகும். அதன் வழியாக நுழையலாம், அதை அடைக்கலாம். கணினிக்காரர்களுக்கு வேண்டிய வினைகள் எல்லாம் ஏற்கெனவே அதோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. பாதிப்புக்கு என்ன வரும்? நிவாரணம், இழப்பீடு.

‘ஓட்டை கொச்சை, பானைக்கும் கூரைக்கும் சரி’ என்பார்கள். சட்டத்தில் ஓட்டை என்று வக்கீல்கள் சொல்லவில்லையா? சட்டத்தை யாரும் ஆணியால் குத்தவில்லை. ஓட்டை வாய் என்கிறோமே, ரகசியம் தங்காத ஆளை, அது இன்னும் பொருத்தம். 2008-இல் எல்டிஎஸ்பி என்ற மெலிகணினி மென்பொருளில் வெளிவந்த ஓட்டை அப்படியே அந்த வகைதான். அதன் நுழைவுத் திரையை நடத்தும் எல்டிஎம் என்ற நிரல், ஒவ்வொரு மெலிகணினியிலும் திரையையும் விசைப்பலகையையும் கவனிக்கும் எக்ஸ் சர்வர் என்ற நிரலைத் தொடங்கும்போது யார் வரலாம் என்ற கட்டுப்பாட்டையே அணைத்துவிட்டது. அதே வலைப்பின்னலில் இருக்கும் எவரும் 6006-ஆம் போர்ட் என்ற இணைப்பு வாசலில் சேர்ந்து, அந்தத் திரையில் இருப்பதையும் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கலாம். கடவுச்சொல் சர்வருக்குப் போவது என்னவோ எஸ்எஸ்எச் என்ற மறையாக்க வழியில் பூட்டித்தான், விசைப்பலகையிலேயே ஒட்டுக்கேட்டால் பூட்டி என்ன பயன்?

அதை அடைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சர்வரில் வழக்கம்போல அப்டேட் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால் எதுவும் மாறாது, ஏனென்றால் மெலிகணினிகள் எடுத்து ஓடுவது சர்வரின் சொந்த அமைப்பை அல்ல, அதற்குள் தனி அடைவில் (ஃபோல்டரில்) கிடக்கும் இன்னொரு அமைப்பை. அந்த அடைவுக்குள் போய்த் தனியாக அப்டேட் செய்ய வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில், அந்த அடைவை ஒரே கோப்பாகக் கட்டிவைக்கும் படிமத்தையும் மறுபடி கட்ட வேண்டும், அப்புறம் பெட்டிகளை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். எங்கே ஓட்டை என்று கேட்டால் இதற்கு வழி தெரியும். எங்கே பாதிப்பு என்று கேட்டால் கிளாஸில் எந்தப் பெட்டி கெட்டுப்போனது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

தூய தமிழ் அன்பர்கள் ‘ஊறுபடுநிலை’ என்கிறார்கள். ஊறு என்றால் தீங்கு, நல்ல பழஞ்சொல், குறளிலேயே ‘ஊறொரால்’ என்று வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் பாடமாகத் தமிழ் படிக்கும் நம் பிள்ளையிடம் ஊறு என்றால் அசாரை, அதாவது ஊறுகாயைத்தான் நினைக்கும். அதோடு அது ஒரு நிலையைச் சொல்கிறது, எண்ண முடியாது. ‘மூன்று ஊறுபடுநிலைகளை அடைத்தோம்’ என்று யார் பேசுவார்? ‘பலவீனம்’ பரவாயில்லை, ஆனால் சின்னக் கடவுச்சொல் வைப்பதும் பலவீனம்தான், எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும். நம் பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் பாருங்கள், கூச்சமே இல்லாமல் ‘ஃபாய்’ என்று எழுதுகிறார்கள். விரிசல் என்று அர்த்தம், பாறைக்கும் அதே சொல், மென்பொருளுக்கும் அதே சொல். பிரெஞ்சு படிப்பவருக்கு விரிசல் புரியுமாம், தமிழ் படிப்பவருக்கு ஓட்டை மட்டும் மரியாதைக் குறைவாம்!

ஒரு வரம்பு மட்டும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது, முதியோர், தனியே வாழ்பவர், புயலில் முதலில் அடிபடும் குடும்பங்கள் என்று வரும் இடத்தில் ‘எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள்’ என்பதே சரி. அங்கே அந்தக் ‘கூடிய’வை மறக்காமல் போடுகிறவர்கள்தான் மென்பொருள் என்று வந்ததும் அதை வெட்டிவிடுகிறார்கள்.