டிரைடோன் (முத்தொனி)

ஹெவி மெட்டல் பற்றித் தமிழில் எழுதும்போது டிரைடோனைச் 'சாத்தானின் சுரம்' என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. இதில் சாத்தானைக்கூட மன்னித்துவிடலாம், 'சுரம்' என்பதுதான் பிழை. டிரைடோன் ஒரு சுரம் இல்லை. இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள தூரம்.

கிரேக்க மொழியில் 'டோனோஸ்' என்றால் இழுத்துக் கட்டுவது, நரம்பின் விறைப்பு. பிறகு அதுவே சுர அளவின் பெயரானது. 'டிரை' என்பது மூன்று. மூன்று முழுத்தொனி, அதாவது ஆறு அரைத்தொனி. கிட்டாரில் ஒரே தந்தியில் ஆறு ஃபிரெட் (விரல் வைக்கும் கட்டம்) மேலே போனால் டிரைடோன். ஆர்மோனியத்தில் கறுப்பு, வெள்ளை பாராமல் ஆறு கட்டை எண்ணினாலும் அதேதான். ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு ஸட்ஜத்திலிருந்து அடுத்த ஸட்ஜம் வரை, பன்னிரண்டு அரைத்தொனி இருப்பதால் இந்தத் தூரம் ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டுகிறது. கீழ் ஸட்ஜத்திலிருந்து ஏறினாலும் மேல் ஸட்ஜத்திலிருந்து இறங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்போம். வேறு எந்த இடைவெளிக்கும் இந்தக் குணம் கிடையாது.

இந்தச் சொல் மெட்டல் ரசிகர்களின் வாயில் புழங்க ஒரு பாட்டுதான் பெரிய காரணம். பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நால்வர்: டோனி அயோமி கிட்டார், கீசர் பட்லர் பேஸ், பில் வார்ட் டிரம்ஸ், ஆஸி ஆஸ்பர்ன் பாட்டு. 'பிளாக் சாபத்' என்ற குழுவின் பெயரையே தாங்கிய முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. முந்தைய அக்டோபரில் லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோவில் ஒரே நாளில் பதிவானது அது. முதல் பாட்டின் பெயரும் 'பிளாக் சாபத்' தான். மழை, இடி, தேவாலய மணி. அதன் பின் மூன்றே சுரம் கொண்ட ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு. கீழ் ஜி, மேல் ஜி, பிறகு இரண்டுக்கும் நட்டநடுவில் சி ஷார்ப். நம் கணக்கில் ச, மேல் ச, பிரதி மத்தியமம் (இரண்டு மத்தியமங்களில் உயர்ந்தது). ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' இசையை பட்லர் பேஸில் வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்து பிறந்த ரிஃப் இது. 'மார்ஸ்' மெட்டின் தொடக்கம் ச, ப, பிரதி மத்தியமம். உறவு கேட்டாலே தெரியும்.

வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சாதாரண ட்யூனிங் போதும், தந்தியை இறக்க வேண்டாம். ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃபிரெட், நான்காம் தந்தியில் ஐந்தாம் ஃபிரெட், ஐந்தாம் தந்தியில் நான்காம் ஃபிரெட். கடைசிச் சுரத்தை ஐந்தாம் ஃபிரெட்டோடு உரசி நடுங்கவிட வேண்டும். அந்த ஐந்தாம் ஃபிரெட் பஞ்சமம். அதைத் தொட்டுத் தொட்டு ஓடிவருகிறதே தவிர அங்கே போய் உட்காருவதில்லை. அச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

புதிதாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது சத்தத்தை நிறுத்துவதில். முந்தைய ஜி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சி ஷார்ப்பை மீட்டினால், டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்ட ஆம்பில் சேறு மாதிரி கேட்கும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. இரண்டு ஒலிகள் ஒன்றாக நுழைந்தால் டிஸ்டார்ஷன் அவற்றின் வித்தியாசத்தையும் ஓர் ஒலியாக்கித் தள்ளும். ஜி 98 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 147. வித்தியாசம் 49, அதுவும் ஜி தான், ஒரு ஸ்தாயி கீழே. ஒரு சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டும் பவர் கார்டு கனமாகக் கேட்பதன் ரகசியம் இதுவே. சி ஷார்ப் 138.6, வித்தியாசம் 40.6. ஜியோடும் சேராது, சி ஷார்ப்போடும் சேராது, ஈ சுரத்துக்கும் கொஞ்சம் கீழே நிற்கும். ஆகவே ஐந்தாம் தந்தியை அழுத்தும் விரலின் நுனி ஆறாம் தந்தியையும், அடிப்பகுதி நான்காம் தந்தியையும் லேசாகத் தொட்டு அடக்க வேண்டும்.

சாத்தான் எங்கிருந்து வந்தான்? 'மி எதிர் ஃபா, இசையில் சாத்தான்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம் பாட்டுப் பாடம் சொன்னவர்களுடையது. எஃப் (இங்கே ஃபா), பி (இங்கே மி) என்ற இரு சுரங்களும் நேராக மோதினால் பாடகர்கள் தடுமாறுவார்கள். பியை அரைத்தொனி இறக்கிப் பாடுவது மருந்து. சுரத்தை இறக்கச் சொல்லும் ஃபிளாட் குறி (♭) 'பி' எழுத்தைப் போல இருப்பதும் அதனால்தான். தேவாலயம் இந்த இடைவெளியைத் தடைசெய்தது, வாசித்தவர்களைத் தண்டித்தது என்ற கதைக்கு ஆவணம் கிடையாது. ஆல்பம் விற்க உதவிய கதை, அவ்வளவே.

நமக்கோ இது பழகிய இடைவெளி. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தாக்களில் (தாய் ராகங்களில்) 37 முதல் 72 வரை முப்பத்தாறிலும் பிரதி மத்தியமம்தான். தம்புரா ஸட்ஜத்தை மீட்டிக்கொண்டே இருக்க, கல்யாணியில் மத்தியமத்தைத் தொடும்போதெல்லாம் டிரைடோன் ஒலிக்கிறது. யாரும் பயப்படுவதில்லை, கல்யாண வீட்டிலேயே வாசிக்கிறோம். கல்யாணியில் அந்த மத்தியமம் பஞ்சமத்துக்குப் போய்ச் சேரும். அயோமியிடம் சேராது.

இனி தமிழ்ச் சொல். 'முச்சுர இடைவெளி' கூடாது; ச, ரி, க என மூன்று சுரத்தை எண்ணத் தோன்றும். 'ஆறரைத்தொனி' என்றால் ஆறரை, ஆறேமுக்கால் என்று கணக்கு போய்விடும். பழைய தமிழிசையின் 'பகை' நல்ல சொல், ஆனால் அது நரம்புகளின் (அங்கே சுரங்களுக்கு அதுதான் பெயர்) உறவைச் சொல்வது, அளவைச் சொல்வது அல்ல. முக்கனி, முத்தமிழ் போல 'முத்தொனி' என்பதே பொருந்துகிறது. (தொனியும் டோனும் ஒலியில் நெருங்கியிருப்பது தற்செயல். தொனி, வடமொழி 'த்வனி'யின் வழி வந்தது.) முத்தொனி இடைவெளிக்கு மட்டும். அதன் மேல்முனையில் நிற்கும் சுரத்துக்குப் பிரதி மத்தியமம் என்றோ, தமிழிசை வழக்கில் வல்லுழை என்றோ எழுதலாம். 'ரிஃப் முத்தொனியில் அமைந்தது. கடைசிச் சுரம் வல்லுழை' என்று எழுதினால் குழப்பம் இல்லை.