புகலிட நேர்காணலில் சொன்னது எதுவரை போகும்?

புகலிட நேர்காணலுக்குத் தயாராகும் பலர் ஒரு சட்டத்தரணியாக என்னிடம் முதலில் கேட்பது, "இதையெல்லாம் சொல்லலாமா?" என்பதுதான். சித்திரவதைக்கு உள்ளானவர்கள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் படையிலோ இயக்கத்திலோ இருந்தவர்களும் கேட்கிறார்கள். அந்த அறையில் பதிவாகும் வாக்குமூலம் குடிவரவு அலுவலகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை இரு தரப்பினரும் அறிந்திருக்க வேண்டும். ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் போர்க்குற்றச் சந்தேகம் எழுந்தால் அது குற்ற விசாரணைக்கும் போய்ச் சேரலாம்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் 1எஃப் என்றொரு பிரிவு உண்டு. ஒருவர் போர்க்குற்றமோ மானுடத்துக்கு எதிரான குற்றமோ செய்தார் என்று கருதப் பாரதூரமான காரணங்கள் இருந்தாலே அவருக்கு அகதித் தகுதி கிடையாது. குற்றவாளி என்ற தீர்ப்பு வேண்டியதில்லை. ஆனால் சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு அவரைத் திருப்பி அனுப்புவதை ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கை தடுக்கிறது. அகதியும் அல்ல, நாடுகடத்தவும் முடியாது; இப்படியே ஆண்டுகள் கழிகின்றன. உண்மையிலேயே குற்றம் செய்தவர் விசாரணையின்றித் திரிகிறார். செய்யாதவர் பழியைத் துடைக்க வழியின்றி நிற்கிறார். இந்த நிலை எவருக்கும் நீதி அல்ல. வழக்கு நடத்துவதே நேர்மையான வழி. போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் போன்றவற்றுக்கான ஜெர்மனியின் 2002ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் எங்கே நடந்திருந்தாலும், யார் செய்திருந்தாலும் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

அதன் பலனையும் சிக்கலையும் ஒருசேரக் காட்டியது கோப்லென்ஸ் நகர வழக்கு. சிரியப் புலனாய்வுத் துறையில் இருந்த இயாத் அல்-கரீப், ஜெர்மனியில் புகலிடம் கேட்டபோது தன் பணியைப் பற்றித் தானே சொன்னார். பிறகு காவல்துறை அவரைச் சாட்சியாக அழைத்து விசாரித்தது. அதே மனிதர் சந்தேகநபரானார். குறைந்தது 30 ஆர்ப்பாட்டக்காரர்களை டமாஸ்கஸின் சித்திரவதைக்கூடம் ஒன்றுக்குக் கொண்டுசெல்ல உதவியதற்காக 2021 பிப்ரவரியில் அவருக்கு நாலரை ஆண்டுச் சிறை. அந்தக் கூடத்தின் விசாரணைப் பிரிவுத் தலைவராக இருந்த அன்வர் ரஸ்லானுக்கு 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை.

தண்டனையை நான் வரவேற்கிறேன். ஆனால் அதற்குப் போன பாதை கவலை தருகிறது. புகலிடம் கேட்பவர் எதையும் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டவர். குற்றச் சந்தேகநபருக்கோ வாய் திறக்காமலிருக்கும் உரிமை உண்டு. ஒரே மனிதரிடம் இந்த இரண்டும் மோதுகின்றன. அல்-கரீப் வழக்கில் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2019இல் ஒரு கோடு போட்டது: சந்தேகம் தெளிவான பின்னரும் உரிமையை எடுத்துச்சொல்லாமல் காவல்துறை பெற்ற பதில்களைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே, "சாட்சியாக மட்டும்" என்று அழைப்பு வந்தாலும் சட்டத்தரணி இல்லாமல் தனியே போக வேண்டாம். பொய்யும் வேண்டாம். பொய்யால் நம்பகத்தன்மை போகும், அதோடு புகலிடமும் போகும்.

இயக்கத்தில் இருந்தேன் என்றாலே கதவு மூடிவிடும் என்ற அச்சம் தமிழர்களிடையே பரவலாக இருக்கிறது. அது அளவு மீறிய அச்சம். பத்து வயதில் விடுதலைப் புலிகளில் சேர்ந்த ஒருவரின் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாகச் சொன்னது: வெறும் உறுப்புரிமை போதாது; குற்றச் செயல்களுக்கு அவர் அறிந்தே, கணிசமான பங்களிப்புச் செய்தாரா என்று பார்க்க வேண்டும். கனடா உச்ச நீதிமன்றமும் 2013இல் ஏறத்தாழ இதே அளவுகோலை ஏற்றது. அதனால் எந்த வயதில், எப்படிச் சேர்ந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், விலக முடிந்ததா என்ற விவரங்கள்தான் வழக்கைத் தீர்மானிக்கின்றன.

பெரிய பதவியும் இதில் காப்பாற்றுவதில்லை. காம்பியாவின் முன்னாள் உள்துறை அமைச்சர் உஸ்மான் சோன்கோ 2016இல் சுவிட்சர்லாந்தில் புகலிடம் கேட்டார்; 2024 மே மாதம் அங்கேயே 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு: முகாமின் பெயர், படைப்பிரிவு, அதிகாரியின் பதவி, உடனிருந்தவர்கள் என்று நினைவிருப்பதைச் சொல்லுங்கள், நினைவில்லாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். யாழ்ப்பாணத்தில் 2000இல் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் நிமலராஜன் தொடர்பாக லண்டன் காவல்துறை 2022இல் ஒருவரைக் கைது செய்தது. இருபதாண்டு கழித்தும் ஒரு சாட்சியம் தேவைப்படலாம். ஊரில் உறவினர் இருந்தால், உங்கள் சாட்சியத்தால் அவர்களுக்கு வரக்கூடிய ஆபத்தை நேர்காணலிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவை மொழிபெயர்ப்பாளர் திரும்ப வாசித்துக் காட்டும்போது, களைப்பாக இருந்தாலும் ஒவ்வொரு பிழையையும் திருத்திய பிறகே கையெழுத்திடுங்கள். ஒரு பிரதியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.